97 சதவீதத்தில் நின்ற டோரன்ட்டை வேறொரு டோரன்ட்டின் தரவைக் கொண்டு முடிப்பது எப்படி?

டோரன்ட் வழியாக, அதாவது இறக்குபவர்களே ஒருவருக்கொருவர் தரவைக் கொடுத்துக்கொள்ளும் முறையில், இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொகுப்பு 97 அல்லது 99 சதவீதம் வரை வந்து, அங்கேயே நாட்கணக்கில் அசையாமல் நின்றுவிடுவது பலருக்கும் பழக்கமான சங்கதி. பெங்களூருவில் எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், "அதே ஃபைல் வேற டோரன்ட்ல இருக்கும்ல, ரெண்டையும் மெர்ஜ் பண்ணிடு" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் நடக்காது, ரெண்டுக்கும் ஹாஷ் வேற" என்று, தரவின் கைரேகையான ஹாஷைக் காட்டி இன்னொருவர் மறுப்பார். மூன்றாமவர், கொடுப்பவர்களைக் கண்டுகொள்ள உதவும் ட்ராக்கர் சர்வர்களின் முகவரிகளை நீண்ட பட்டியலாக அனுப்பி, இதை ஒட்டினாலே போதும் என்பார். முதல் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மூன்றாமவர் தருவது பெரும்பாலும் வேறொரு நோய்க்கான மருந்து.

டோரன்ட் மென்பொருளுக்குத் தரவு எங்கிருந்து வந்தது என்பதில் எந்த அக்கறையும் இல்லை. சரியான பைட்டுகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். காப்புரிமை உள்ள படங்களையும் பாடல்களையும் அனுமதியின்றி இறக்குவது பற்றி இந்தக் கட்டுரை பேசவில்லை. லினக்ஸ் வட்டுப் படிமங்கள், இன்டர்நெட் ஆர்க்கைவின் பொதுவெளி நூல்கள், உரியவர்களே பகிர்ந்த ஒலிப்பதிவுகள் போன்றவற்றுக்கும் இதே சிக்கல் வருகிறது என்பதால் அவற்றையே மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பைண்டு செய்த தொடர்கதை

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பழைய தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளைத் திறந்தால், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் இன்னும் சில வீடுகளில் கிடைக்கும். அப்படி ஒரு தொகுதியில் 23-ஆம் அத்தியாயம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதே தொடர்கதையை வேறொரு வீட்டிலும் பைண்டு செய்திருக்கிறார்கள். அவர்களிடம் 8-ஆம் அத்தியாயம் இல்லை. இரு வீடுகளில் எதிலும் முழுக்கதை இல்லாவிட்டாலும், இருவரிடமும் இருப்பதைச் சேர்த்தால் கதை முழுமையாகிறது.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒரு வீட்டில் விளம்பரப் பக்கங்களையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள், இன்னொரு வீட்டில் அவற்றை நீக்கியிருப்பார்கள். ஆகவே "120-ஆம் பக்கத்தைக் கொடுங்கள்" என்று கேட்டால் வேறு பக்கம்தான் வரும். இரண்டாவதாக, அவர்களிடம் இருப்பது வார இதழில் வந்த வடிவமா, பின்னால் ஆசிரியர் திருத்திப் புத்தகமாக வெளியிட்ட வடிவமா என்பது தெரிய வேண்டும். திருத்திய வடிவமாக இருந்தால், கதை அதேதான் என்றாலும் பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் பொருந்தாது. டோரன்ட்டிலும் அச்சாக இதே இரண்டு சங்கடங்கள்தான் வருகின்றன.

டோரன்ட் கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது

பிட்டோரன்ட் முறையை பிராம் கோஹென் என்ற அமெரிக்க நிரலாளர் 2001-இல் வெளியிட்டார். ஒரே சர்வரிலிருந்து எல்லாரும் இறக்குவதற்குப் பதிலாக, இறக்குபவர்களே தங்களிடம் வந்துசேர்ந்த பகுதிகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது அதன் அடிப்படை. இப்படிக் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு பியர். முழுத் தொகுப்பையும் வைத்துக்கொண்டு கொடுக்க மட்டுமே செய்யும் பியர் ஒரு சீட். ஒரே டோரன்ட்டைச் சேர்ந்த பியர்கள் அனைவரும் சேர்ந்தது ஒரு ஸ்வார்ம். பியர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள முகவரிப் புத்தகம்போல் உதவும் சர்வருக்கு ட்ராக்கர் என்று பெயர்.

டோரன்ட் கோப்பு என்று நாம் இறக்கும் அந்தச் சிறிய கோப்புக்குள் படமோ பாட்டோ ஏதும் கிடையாது. தொகுப்பின் பெயர், அதில் உள்ள கோப்புகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் அளவு பைட் கணக்கில், இவற்றோடு ஒரு நீண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவையே அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டோரன்ட்டை உருவாக்கும் மென்பொருள், தொகுப்பில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பட்டியலில் உள்ள வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே நீளமான பைட் வரிசையாகக் கருதிக்கொள்கிறது. பிறகு அந்த வரிசையை 1 எம்.பி., 2 எம்.பி., 4 எம்.பி. என்று ஏதேனும் ஒரே அளவில் துண்டு துண்டாக வெட்டுகிறது. கோப்புகளின் எல்லை எங்கே வருகிறது என்பதை அது பொருட்படுத்துவதில்லை. ஆகவே ஒரு கோப்பின் வாலும் அடுத்த கோப்பின் தலையும் ஒரே துண்டுக்குள் அடங்குவது சாதாரணம்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் கணக்கிடப்படுகிறது. ஹாஷ் என்பது, எவ்வளவு பெரிய தரவாக இருந்தாலும் அதிலிருந்து ஒரே நீளத்தில் கிடைக்கும் ஒரு கைரேகை. ஒரே ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுவதுமாக மாறிவிடும். பழைய வகை டோரன்ட்டில் ஷா-1 என்ற முறை பயன்படுகிறது. அதில் ஒரு துண்டின் கைரேகைக்கு 20 பைட்டுகள். நம் கணினியில் ஒரு துண்டு இறங்கியதும் மென்பொருள் அதன் ஹாஷைத் தானே கணக்கிட்டு, பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் கணக்கில் சேரும். பொருந்தாவிட்டால் மறுபடியும் இறக்கப்படும். திரையில் நாம் பார்க்கும் சதவீதம், இப்படித் தேறிய துண்டுகளையே சார்ந்தது.

சுருக்கமாக, கோப்புகளை ஒரே வரிசையாக ஒட்டி, சம அளவில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுத்து வைத்த பட்டியலே டோரன்ட் கோப்பு.

நிற்பதற்குக் காரணம் எது என்று முதலில் பாருங்கள்

டோரன்ட் நின்றுபோவதற்கு வெவ்வேறான இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, தரவு ஸ்வார்மில் இருக்கிறது, ஆனால் நம்மால் அதை எட்ட முடியவில்லை. நம் நாட்டில் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு நம் கணினிவரை வந்துசேர்வதில்லை. எதிர்முனையில் இருப்பவருக்கும் அதே நிலை என்றால் இருவரும் ஒருவரையொருவர் தொடவே முடியாது. பி.ஜி. விடுதிகளிலும் அலுவலகங்களிலும் டோரன்ட் போக்குவரத்தையே தடுத்து வைத்திருப்பதும் உண்டு. புதிய ட்ராக்கர்களைச் சேர்ப்பது உதவும் என்றால் இந்த வகைச் சிக்கலுக்குத்தான், அதுவும் பியர்களைக் கண்டுபிடிக்கவே முடியாத நிலையில் மட்டும்தான்.

இரண்டாவது காரணம் வேறு: தேவையான துண்டு ஸ்வார்மில் எவரிடமும் இல்லை. க்யூபிட்டோரன்ட் போன்ற மென்பொருளில் அவெய்லபிலிட்டி என்றொரு எண் தெரியும். நம்மோடு இணைந்திருக்கும் பியர்களிடம் உள்ளதை எல்லாம் கூட்டினால் எத்தனை முழுப் பிரதி தேறும் என்பதை அது காட்டுகிறது. அந்த எண் பல நாட்களாக 1-க்குக் கீழேயே, 0.97 என்பதுபோல் நிற்கிறது என்றால், ஏதோ சில துண்டுகள் எவரிடமும் இல்லை என்று பொருள். ஸ்வார்மில் 40 பேர் இருந்தாலும் அந்த 40 பேரும் அதே 97 சதவீதத்தில் காத்துக்கொண்டிருப்பார்கள். சீட் ஒன்று திரும்ப வரும்வரை ஒன்றும் நடக்காது. இந்த நிலைக்குத்தான் வேறொரு டோரன்ட்டின் தரவு மருந்தாகிறது.

ஒரே பொருள், இரண்டு டோரன்ட்

ஒரு டோரன்ட்டின் அடையாளம் அதன் இன்ஃபோ ஹாஷ். தொகுப்பின் பெயர், கோப்புப் பட்டியல், துண்டின் அளவு, கைரேகைப் பட்டியல் ஆகியவை அடங்கிய பகுதிக்கு மொத்தமாக எடுக்கப்படும் கைரேகை அது. டோரன்ட் கோப்புக்குப் பதிலாகத் தரப்படும் மேக்னெட் லிங்க்கில் காணப்படும் 40 எழுத்தும் எண்ணும் கலந்த தொடர் இதுவே. ட்ராக்கர் முகவரிகள் அந்தப் பகுதிக்கு வெளியே இருப்பதால், அவற்றை மாற்றினாலும் இன்ஃபோ ஹாஷ் மாறாது. அடைவின் பெயரில் ஒரு புள்ளி கூடினாலோ, 2 எம்.பி.க்குப் பதில் 4 எம்.பி. துண்டாக வெட்டினாலோ, ஒரு சிறிய உரைக்கோப்பு கூடுதலாகச் சேர்ந்தாலோ இன்ஃபோ ஹாஷ் மாறிவிடும். அது மாறினால் ஸ்வார்மும் வேறு. உள்ளே இருக்கும் பாட்டு பைட்டுக்கு பைட் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு ஸ்வார்மில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஸ்வார்மில் இருப்பவர்களைத் தெரியாது.

"ரெண்டுக்கும் ஹாஷ் வேற" என்ற நண்பர் சரியாகச் சொன்னது இதுவரைதான். தொகுப்புகளின் அடையாளம் வேறு என்பதால் உள்ளிருக்கும் கோப்புகளும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டியது பிழை. இன்டர்நெட் ஆர்க்கைவில் இது எளிதில் தென்படும். அங்கே ஒரு தொகுப்பில் பதிவேற்றியவர் ஏதேனும் மாற்றம் செய்தால், அதற்குரிய டோரன்ட்டும் புதிதாக உருவாகிறது. பழைய டோரன்ட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு, மாற்றப்பட்ட ஒரு சிறு விவரக் கோப்பின் துண்டு எந்நாளும் தேறாது. ஆனால் நூலின் பக்கங்கள் அடங்கிய பெரிய கோப்பு இரு டோரன்ட்டிலும் அதேதான்.

எது "அதே" கோப்பு?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பது ஒரு பொருட்டே இல்லை. ஓடும் நேரமும் தரமும் ஒன்றாக இருப்பதும் போதாது. ஒரே படச்சுருளிலிருந்து இருவர் தனித்தனியே மாற்றியெடுத்த இரண்டு வீடியோக் கோப்புகள் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் அவற்றின் பைட்டுகளில் ஒற்றுமை கிடையாது. ஒரு கோப்பை ஜிப் செய்து வைத்திருந்தால் அதுவும் பயன்படாது. பிரித்தெடுத்த பிறகே ஒப்பிட முடியும்.

முதல் சோதனை, கோப்பின் அளவு கடைசி பைட் வரை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. "52.4 எம்.பி." என்ற தோராயமான எண்ணை நம்பக்கூடாது, கோப்பின் பண்புகளைத் திறந்து முழு எண்ணைப் பார்க்க வேண்டும். அளவு வேறு என்றால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அளவு ஒன்று என்றால் நம்பிக்கை உண்டு, உறுதி இல்லை. உறுதி ஹாஷ் சோதனையில்தான் கிடைக்கும்.

எம்.பி.3 கோப்புகளை எடுத்துக்கொண்டால் இது இன்னும் சுவையானது. பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்கள் அந்தக் கோப்புக்குள்ளேயே டேக் என்ற பகுதியில் எழுதப்பட்டிருக்கும். பழைய வகை டேக், கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் இருக்கிறது. யாரேனும் அதைத் திருத்தியிருந்தால் கடைசித் துண்டு மட்டும் பொருந்தாமல் போகும், மற்றவை எல்லாம் தேறும். புதிய வகை டேக் கோப்பின் தொடக்கத்தில் உட்காருகிறது. அதற்குள் ஏற்கெனவே விட்டுவைத்த காலியிடத்துக்குள் திருத்தம் அடங்கிவிட்டால் முதல் துண்டோடு சேதம் நின்றுவிடும். ஒரு பெரிய அட்டைப்படத்தைச் சேர்த்து டேக் நீண்டுவிட்டாலோ, அதன்பின் உள்ள பாட்டு முழுவதும் சில ஆயிரம் பைட்டுகள் பின்னே தள்ளப்பட்டு, ஒரு துண்டுகூடப் பொருந்தாது. காதுக்குக் கேட்கும் பாட்டில் ஒரு நொடிகூட மாறியிருக்காது.

ஆக, ஒரே உள்ளடக்கம் என்பது போதாது. ஒரே பைட்டுகள், கோப்புக்குள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம்

பெங்களூரு தமிழர்கள் சிலர் தங்கள் பட்டிமன்றங்களைப் பதிவு செய்து, 12 எம்.பி.3 கோப்புகளாகப் பொதுவில் பகிர்ந்திருக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்வோம். முதலில் வந்த டோரன்ட்டுக்கு "அ" என்று பெயர் வைப்போம். அதில் 12 ஒலிக்கோப்புகளுக்கும் முன்னால், 3,000 பைட் அளவில் ஓர் அறிமுக உரைக்கோப்பு உண்டு. மொத்தம் ஏறத்தாழ 600 எம்.பி.; 2 எம்.பி. துண்டாக வெட்டியதில் 300 துண்டுகள். பின்னால் வேறொருவர் உரைக்கோப்பை விட்டுவிட்டு, அதே 12 ஒலிக்கோப்புகளை 4 எம்.பி. துண்டுகளாக வெட்டி இன்னொரு டோரன்ட் போட்டார். அது "ஆ", 150 துண்டுகள்.

நம்மிடம் "அ" 291 துண்டுகளோடு 97 சதவீதத்தில் நிற்கிறது. இல்லாதவை: உரைக்கோப்பு அடங்கிய முதல் துண்டு, ஐந்தாம் ஒலிக்கோப்பின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு, ஒன்பதாம் கோப்பில் அடுத்தடுத்து ஆறு. "ஆ"வின் ஸ்வார்மிலும் முழுப் பிரதி எவரிடமும் இல்லை. அங்கே மூன்றாம் ஒலிக்கோப்பில் ஒரு பகுதி காணவில்லை.

அவசரக்காரர் செய்யும் முதல் காரியம், "ஆ"வைத் தனியாக இறக்கி, அரைகுறையான கோப்புகளை எடுத்து "அ"வின் அடைவில் உள்ளவற்றின் மேல் ஒட்டிவிடுவது. அப்படிச் செய்தால் இருந்ததும் போய்விடும். பாதி இறங்கிய கோப்பும் வட்டில் முழு அளவைக் காட்டும். இறங்காத இடங்களில் வெறும் சுழியங்கள் நிரம்பியிருக்கும். அதை நல்ல கோப்பின் மேல் ஒட்டினால், இல்லாத ஒரு பகுதியை வாங்க இருந்த நான்கு பகுதிகளை இழந்ததாக ஆகும். மூன்றாம் கோப்பு இப்படித்தான் கெடும்.

சரியான வழி சற்றுச் சுற்று வழி. "அ"வை நிறுத்திவிட்டு, அதன் அடைவை அப்படியே வேறோர் இடத்தில் நகலெடுக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் பெங்களூருவின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குவது, இருப்பதைக் கெடுத்துக்கொள்வதைவிட மலிவு. நகலில் உள்ள கோப்புகளின் பெயரும் அடைவின் அமைப்பும் "ஆ" எதிர்பார்ப்பதுபோல் இருக்க வேண்டும். பெயர்கள் வேறுபட்டால், க்யூபிட்டோரன்ட்டில் "ஆ"வின் உள்ளடக்கப் பட்டியலிலேயே பெயரை மாற்றிவிடலாம். பெயர்மாற்றம் ஹாஷைப் பாதிக்காது. முடியாத கோப்புகளின் பெயருக்குப் பின்னால் சில மென்பொருள்கள் தற்காலிகமாக ஒரு வாலை ஒட்டுகின்றன, ட்ரான்ஸ்மிஷன் என்ற மென்பொருளில் அது "பார்ட்" என்று இருக்கும். நகலில் அதை நீக்கிவிட வேண்டும்.

இப்போது "ஆ"வை நிறுத்திய நிலையில் சேர்த்து, அதன் இடமாக அந்த நகலைக் காட்டி, ஃபோர்ஸ் ரீசெக், அதாவது வட்டில் உள்ளதை மறுபடி சரிபார்க்கும் கட்டளை, கொடுக்க வேண்டும். ட்ரான்ஸ்மிஷனில் இதற்கு வெரிஃபை லோக்கல் டேட்டா என்று பெயர். சேர்க்கும்போது ஹாஷ் சோதனையைத் தவிர்க்கும் ஒரு தேர்வு கண்ணில் படும். அதைத் தொடவே கூடாது. தொட்டால் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு 100 சதவீதம் என்று அறிவித்துவிடும்.

ரீசெக்கின்போது மென்பொருள் நகலில் உள்ள பைட்டுகளை "ஆ"வின் கோட்டின்படி வெட்டிப் பார்க்கிறது. 3,000 பைட் உரைக்கோப்பு இங்கே இல்லாததால் எல்லா எல்லைகளும் அந்த அளவுக்கு முன்னே நகர்ந்திருக்கும். துண்டும் இரு மடங்கு பெரியது. ஆகவே ஐந்தாம் கோப்பில் நம்மிடம் இல்லாத 4 எம்.பி. இங்கே இரண்டு பெரிய துண்டுகளைத் தொடுகிறது, ஒன்பதாம் கோப்பின் 12 எம்.பி. நான்கு துண்டுகளைத் தொடுகிறது, முதல் ஒலிக்கோப்பின் தலைப்பகுதி ஒரு துண்டு. 150-இல் இந்த ஏழு போக 143 துண்டுகள் தேறி, ஒரு பைட்கூட இறக்காமலே "ஆ" 95 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். நம்மிடம் குறைந்தது 18 எம்.பி. என்றாலும் இனி இறங்க வேண்டியது 28 எம்.பி.; ஒரு பெரிய துண்டில் பாதி நம்மிடம் இருந்தாலும், முழுத் துண்டுக்கும் சேர்த்தே கைரேகை இருப்பதால் பாதிக்கு மட்டும் சான்று கிடைக்காது.

மறுபடி ஒரு முறை அந்த 143-ஐக் கவனியுங்கள். ரீசெக்கில் பூஜ்யமோ அதற்கு அருகிலோ வந்திருந்தால், கோப்புகள் ஒன்றல்ல என்று பொருள். "ஆ"வை ஓடவிடாமல் நகலை அழித்துவிட்டு வேறு டோரன்ட்டைத் தேட வேண்டியதுதான். மென்பொருள் இறக்கும் தரவை நேராகக் கோப்பின் மேலேயே எழுதும் என்பதால், பொருந்தாத டோரன்ட்டை ஓடவிட்டால் நம் தரவு அழிந்துவிடும். நகலெடுத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

பொருந்தியிருந்தால் "ஆ"வைத் தொடங்கலாம். அதன் ஸ்வார்மில் அந்த ஏழு துண்டுகளும் இருப்பதால் சற்று நேரத்தில் 100 சதவீதம் ஆகிவிடும். அந்த ஸ்வார்மில் காணாமல் போயிருந்த மூன்றாம் கோப்பின் பகுதி, "அ"விலிருந்து நாம் கொண்டுவந்தது. ஆகவே "ஆ"வுக்கு முதல் முழு சீட் நாம்தான். பிறகு "ஆ"வை நிறுத்தி, "அ"வின் இடத்தை இந்த அடைவுக்கு மாற்றி ரீசெக் கொடுத்தால், ஐந்தாம் கோப்பின் இரண்டும் ஒன்பதாம் கோப்பின் ஆறும் தேறி 300-இல் 299 ஆகிவிடும்.

இரண்டு டோரன்ட்டுகளை யாரும் ஒன்றாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே அடைவை இரண்டு பட்டியல்கள் மாறி மாறிச் சரிபார்த்தன, அவ்வளவுதான். அந்த இடத்தில் "ஆ"வுக்குப் பதிலாக நண்பர் பென் டிரைவில் கொடுத்த முழுக் கோப்போ, ஓர் இணையதளத்திலிருந்து நேராக இறக்கிய கோப்போ இருந்தாலும் வேலை நடந்திருக்கும்.

அந்தக் கடைசித் துண்டு

மீதமுள்ள ஒரு துண்டு 20,97,152 பைட். அதில் முதல் 3,000 பைட் உரைக்கோப்பு, எஞ்சிய 20,94,152 பைட் முதல் ஒலிக்கோப்பின் தலைப்பகுதி. ஒலிப் பகுதி முழுவதும் "ஆ" வழியாக வந்துவிட்டது. ஆனால் உரைக்கோப்பு எவரிடமும் இல்லாததால் துண்டின் கைரேகை பொருந்தவில்லை. "அ" 99.6 சதவீதத்தில் நின்றுவிடும், முதல் பட்டிமன்றம் முழுமையாக இறங்கவில்லை என்றும் காட்டும்.

இதைப் பார்த்துக் கலங்கி, கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. 12 ஒலிக்கோப்புகளும் சரியாக இருக்கின்றன என்பதற்கு "ஆ" கொடுத்த 100 சதவீதமே சான்று. "அ"வின் கண்ணோட்டத்தில் மட்டும் அதை நிரூபிக்க முடியவில்லை. துண்டு என்பது கோப்பின் எல்லையை மதிக்காமல் வெட்டப்படுவதால் வரும் வினை இது. பட்டியலில் தேவையில்லை என்று குறி நீக்கிய ஒரு கோப்பின் சில பைட்டுகள் ஏன் இறங்குகின்றன என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே: பக்கத்துக் கோப்பின் எல்லைத் துண்டைச் சரிபார்க்க அவை வேண்டும்.

புதிய வகை டோரன்ட்டில் இந்தத் தொல்லை குறைவு

பிட்டோரன்ட்டின் இரண்டாம் பதிப்பில் இந்த அமைப்பு மாற்றப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே கைரேகை மரம் ஒன்று உண்டு, 16 கே.பி. அளவில் சிறு பகுதிகளுக்குக் கைரேகை எடுத்து, அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து மேலே கொண்டுபோய், உச்சியில் ஒரே கைரேகையாக முடிப்பார்கள். ஒரு துண்டு இரண்டு கோப்புகளுக்குள் பரவுவதில்லை. ஒரே கோப்பு எந்தத் தொகுப்பில் இருந்தாலும் அதன் உச்சிக் கைரேகை ஒன்றே என்பதால், இரண்டு டோரன்ட்டில் இருப்பது ஒரே கோப்புதானா என்பதை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம். ஷா-1 முறையில் இருவேறு கோப்புகளுக்கு வேண்டுமென்றே ஒரே கைரேகை வரச்செய்ய முடியும் என்று கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையமும் 2017-இல் காட்டின. இரண்டாம் பதிப்பு அதைவிட வலுவான ஷா-256-ஐப் பயன்படுத்துகிறது. 2020-இல் வந்த லிப்டோரன்ட் 2.0 நிரல் தொகுப்பும், 2022-இல் வந்த க்யூபிட்டோரன்ட் 4.4-உம் இதை ஏற்றுக்கொண்டன. ஆயினும் நம் கண்ணில் படும் டோரன்ட்டுகளில் பெரும்பகுதி இன்னும் பழைய வகைதான்.

கையால் செய்யும் இந்த வேலையைத் தானாகச் செய்யும் மென்பொருளும் உண்டு. பிக்லிபிட்டியில் உள்ள ஸ்வார்ம் மெர்ஜிங் என்ற வசதி, ஒரே நேரத்தில் பட்டியலில் உள்ள வெவ்வேறு டோரன்ட்டுகளில் பைட் அளவு ஒன்றாக இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடித்து, ஒன்றில் வந்த தரவை மற்றொன்றுக்கு எடுத்துக் கொடுத்துப் பார்க்கிறது. ஹாஷ் பொருந்தினால் ஏற்கிறது, இல்லையேல் விட்டுவிடுகிறது. "மெர்ஜ் பண்ணிடு" என்ற முதல் நண்பர் அநேகமாக இதைப் பயன்படுத்தியவராக இருப்பார்.

முடிந்த பிறகு

வேலை முடிந்ததும் பழைய அரைகுறை அடைவை அழித்துவிட்டு, "அ"வையும் "ஆ"வையும் ஒரே அடைவிலிருந்து சீட் செய்யலாம். "ஆ" முடிந்துவிட்டது, அது இனி படிக்க மட்டுமே செய்யும்; "அ"வுக்கு எழுத வேண்டியது அந்த முதல் துண்டு மட்டும்தான், அதன் ஒலிப் பகுதியும் ஏற்கெனவே உள்ளதுதான். ஆகவே வட்டில் இருமடங்கு இடம் தேவைப்படாது. "அ"வின் ஸ்வார்மில் 97 சதவீதத்தில் காத்திருந்தவர்கள், நாம் இணைந்ததும் எட்டுத் துண்டுகளையும் வாங்கி 99.6-க்கு வந்துவிடுவார்கள். அவர்களில் சிலராவது அந்த எட்டையும் வாங்கி முடிக்கும்வரை, அதாவது நாம் விலகினாலும் அந்த எட்டும் ஸ்வார்மில் இருக்கும் என்ற நிலை வரும்வரை, கணினியை ஓடவிடுவது நல்லது.

அந்த அடைவைப் பாட்டுக் கேட்கும் செயலியின் நூலகத்தில் சேர்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சில செயலிகள் கேட்காமலே டேக்கைத் திருத்தி, அட்டைப்படத்தையும் ஒட்டிவிடும். கேட்பதற்கென்று தனியாக ஒரு நகலை வைத்துக்கொள்ளாவிட்டால், அடுத்த ரீசெக்கில் இரண்டு டோரன்ட்டுமே 100-க்கு வெகு கீழே இறங்கியிருக்கும்.